வரியின் முடிவில் ஒரு நட்சத்திரம்

அடுத்த அறையிலிருந்து ரக்பி வர்ணனை கேட்டது. யாரோ ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஓடுகிறான், வர்ணனையாளர் மூச்சு வாங்கக் கத்துகிறார். இயந்திர அறையில் குனிந்து, புயல் கொண்டுவந்த சேற்றை மின்விசிறியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த மலாகி தனக்குள் சிரித்துக்கொண்டான். வேலை நேரத்தில் ஆட்டம் கேட்கிறான் சாமுவேலு, மேலாளர் வந்தால் இருக்கிறது இவனுக்கு என்று நினைத்தான்.

வர்ணனை பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி நின்றது.

"மலாகி, கொஞ்சம் வந்துட்டுப் போ," என்று சாமுவேலு கூப்பிட்டான். "பலேபாவைத் திறந்தா ஆம்பளக் குரல் வருது. மேல போனதும் ரக்பி ஆட ஆரம்பிச்சுட்டாளா என்ன?"

சாமுவேலு வானொலி அறிவிப்பாளன். சாவு வீட்டில்கூட ஒருவரைச் சிரிக்க வைக்காமல் வெளியே வரமாட்டான். இன்னும் சில நாளில் வெள்ளை ஞாயிறு. தீவின் தலைநகரான ஆப்பியா முழுக்கப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோயிலில் மனப்பாட வசனம் சொல்லும் நாள். பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள் முதல் பந்தியில் உட்காரும் நாள். அன்றைக்கு ஒலிபரப்ப, பழைய பிள்ளைகள் நிகழ்ச்சி ஒன்றை அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

மலாகி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். பெயர் சரியாகத்தான் இருந்தது. பலேபா, பிள்ளைகள் நேரம், தேதி, எல்லாம் அவனே எழுதி வைத்தது. அந்தப் பெயரை அழுத்தினால் பந்தாட்டம். அதற்குக் கீழே இருந்த தேவாலயப் பாடகர் குழுவைத் திறந்தான். போன வாரத்துக் கடல் எச்சரிக்கை கேட்டது. இறந்துபோன ஊர்த்தலைவர் ஒருவரின் பேச்சைத் திறந்தான். டின் மாட்டிறைச்சி விளம்பரத்தில் ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிப் பாடினாள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான் மலாகி. சாமுவேலு அடுத்த வேடிக்கைக்கு வாயைத் திறந்தவன் அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

இயந்திர அறையின் கீழ்த்தட்டில் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி உண்டு. நிலையத்தில் அதைப் பாலம் என்பார்கள். ஒரு பக்கம் வட்டுகள் அடுக்கிய அலமாரி. மறுபக்கம் அந்த வட்டுகளில் எழுதவும் படிக்கவும் வரும் கணினிகள். நடுவில் பாலம். எந்தக் கணினி எந்த அலமாரியைத் தொடலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதற்குத் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. பின்னால் ஒரு கம்பியைச் சொருகி, கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகக் கட்டளை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் 'தயார்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும். அவ்வளவுதான் அது பேசும்.

மலாகி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கம்பியைச் சொருகினான். முதல் கட்டளையை இரண்டு தடவை தப்பாக அடித்தான். யார் யாருக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது, காட்டு என்று கேட்டான்.

எல்லாருக்கும் எல்லா வாசலும் திறந்திருக்கிறது என்றது பாலம். தயார் என்றது.

தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மலாகி எழுதி வைத்த எதுவும் அதன் நினைவில் இல்லை. நிலையத்தில் இன்னொரு கணினி உண்டு, அன்றன்றைய ஒலிபரப்பைப் பதிவு செய்வது. அது சுபாவத்தில் ஒரு பேராசைக்காரன். விழித்து எழும்போது கண்ணில் படுகிற இடத்தையெல்லாம் தனது என்று எடுத்து, துடைத்து, அதன்மேல் எழுதிக்கொண்டே போகும். புயலில் ஊருக்கே மின்சாரம் போய், ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்து, பேட்டரியும் செத்து, பாலம் தன் வாழ்நாளில் முதல் முறையாக அணைந்தது. மின்சாரம் வந்தபோது வாசலைத் திறந்துவிட்டு எழுந்தது. பேராசைக்காரன் உள்ளே போய்விட்டான்.

பெயர்ப் பட்டியல் வேறிடத்தில் இருந்ததால் பெயர்கள் பிழைத்தன. பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் போய்விட்டார்கள்.

இயந்திரம் மறந்துவிட்டது என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மலாகிக்கு மட்டும் தெரியும், அது மறக்கவில்லை. அதனிடம் நினைவில் வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவே இல்லை.

அந்தச் சாயங்காலம் அவனுக்கு இப்போது கண்முன்னால் வந்து நின்றது. பாலம் புதிதாக வந்து இறங்கிய சமயம். இதே தரையில், இதே மடிக்கணினியுடன் உட்கார்ந்து, பழைய குரல்களைக் காக்கும் பாதுகாப்பகக் கணினியின் நீளமான எண்ணை ஓர் எழுத்து விடாமல் அடித்து, இந்த அலமாரி இந்தக் கணினிக்கு மட்டும் என்று எழுதினான். மற்ற எல்லாருக்கும் வாசலை மூடு என்று எழுதினான். காட்டு என்றான். சரியாகக் காட்டியது. தயார் என்றது. அந்தச் சொல்லின் பக்கத்தில், வரியின் முடிவில், ஒரு சின்ன நட்சத்திரம்.

நீ சொன்னபடி நடக்கிறேன், ஆனால் இன்னும் மனதில் எழுதிக்கொள்ளவில்லை என்று பெட்டி சொல்வதற்கு அடையாளம் அந்த நட்சத்திரம். 'சேமி' என்ற கட்டளையை அடித்தால் அது மறைந்துவிடும். அடிக்காமல் விட்டால், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒரு தடவை அணைந்து எழுந்தால் எதுவும் மிஞ்சாது.

மலாகியின் விரல் அந்தச் சொல்லுக்காகப் பலகையின் மேல் இறங்கிய நேரம் மணி அடித்தது.

ஊர் எல்லையில் மாமரத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையைச் சுத்தியலால் அடிக்கிற அந்த ஒலி, மலாகிக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த ஒலி. முதல் மணிக்கு வீடு திரும்ப வேண்டும். இரண்டாம் மணிக்கு ஜெபம். மூன்றாம் மணி அடிக்கும் வரை யாரும் தெருவில் நடக்கக் கூடாது. வண்டி ஓடக் கூடாது. மலாகியின் அப்பா கோயில் மூப்பர். இடுப்பில் லாவலாவாத் துணி உடுத்தி, தடியூன்றி, அந்த நேரத்தில் சாலையோரம் காவல் நிற்கும் வரிசையில் முதல் ஆள். மணிக்கும் ஜெபத்துக்கும் நடுவில் செய்கிற வேலை கடவுளிடம் திருடியது என்று பிள்ளைகளை அடித்து வளர்த்தவர். பெரியவனாகி, கடல் கடந்து சுவாவுக்குப் போய்ப் படித்து, மின்னணு எல்லாம் கற்றுக்கொண்டு வந்த பிறகும், மணி கேட்டால் மலாகியின் கை தானாக வேலையை விட்டுவிடும். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

மூச்சு விடும் நேரத்தில் அடித்திருக்கலாம். ஒரே ஒரு சொல். அவன் கையை எடுத்தான், எழுந்தான், கூடத்துக்குப் போய் மற்றவர்களுடன் மண்டியிட்டான். சாமுவேலு அன்றைக்கும் சுதி விலகித்தான் பாடினான். மூன்றாம் மணி அடித்ததும் யாரோ சூடான சேப்பங்கிழங்கும், தேங்காய்ப் பாலில் வெந்த இலைக் கூட்டும் திறந்து வைத்தார்கள். சாப்பிட்டுச் சிரித்து, திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியின் திரை இருண்டிருந்தது. கம்பியைப் பிடுங்கிச் சுற்றி இழுப்பறையில் வைத்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனான்.

கடவுளுக்காக எழுந்துபோன பிழை அது. எந்தக் கடவுளிடம் போய் அதைச் சொல்வது?

மலாகி அப்படியொன்றும் பெரிய மனிதனில்லை. நிலையத்துக்கு வெளியே அவனை யாருக்கும் தெரியாது. ஆனால் நிலையத்துக்குள் அவன் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. மலாகி பத்திரம் என்றால் பத்திரம். பூஞ்சை பிடித்த பழைய நாடாக்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஓடவிட்டு வட்டில் ஏற்றியது அவன். ஏற்றி முடித்ததும், இனி இந்தக் குப்பை எதற்கு என்று லாரியில் ஏற்றி அனுப்பியதும் அவன்தான். இரண்டாவது நகலுக்கு இன்னோர் அலமாரி வருவதாக இருந்தது, வரவில்லை. அது வரும்வரை என்று இரண்டாவது நகலையும் அதே அலமாரியில் வைத்திருந்தான்.

அந்தக் குரல்களில் ஒன்றுக்கு அவன் தனியாகக் கடன்பட்டிருந்தான்.

பலேபா நிலையத்தில் பிள்ளைகள் நேரம் நடத்திய பெண். அவள் பேசினால் அழுகிற குழந்தை நிற்கும் என்று தீவு முழுக்கப் பேர். பக்கத்துத் தீவான சவாயியில் கிழங்கு பயிரிடும் இசாயா, அவள் குரலைக் கேட்டே காதலித்து, முகத்தைப் பிறகுதான் பார்த்தவன். நிறைமாதத்தில் கடைசியாக ஒரு நிகழ்ச்சி பதிவு செய்தாள் பலேபா. பிறந்தநாள் பிள்ளைகளின் பெயரெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, இப்போது உள்ளேயிருந்து உதைக்கிற ஒருத்திக்கும் வாழ்த்து என்றாள். இவள் பெயர் எசேத்தா, இவள் வெளியே வந்ததும் இதைக் கேட்கட்டும் என்றாள். எசேத்தா வெளியே வந்தாள். பலேபா மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து இசாயா நிலையத்துக்கு வந்தான். ஒரு பழைய கைப்பேசியை நீட்டி, அந்தப் பேச்சை இதில் போட்டுக் கொடு என்று கேட்டான். மலாகிக்கு அவனைப் பார்க்கவே பொறுக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான், கைப்பேசி கடலில் விழும், மழையில் நனையும், இங்கேயே இருக்கட்டும், இங்கே இருக்கிற வரைக்கும் பத்திரம் என்று. உன் மகளுக்குக் கேட்கிற வயது வந்ததும் நானே கொடுக்கிறேன் என்றான். இசாயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னால் சரி என்று கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மலாகிக்கும் அவன் மனைவி ரூத்தாவுக்கும் குழந்தை இல்லை. ஒவ்வொரு வெள்ளை ஞாயிறுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணி படகேறிச் சவாயிக்குப் போகும். எசேத்தாவின் கவுனுக்கு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிவாளாம், எங்கம்மா ஆப்பியாவில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறாள், மலாகி மாமா காவல் காக்கிறார் என்று. இந்த வருடம் அவள் கோயிலில் தனியாக வசனம் சொல்கிறாள். இந்த வருடம் கேட்கட்டும் என்று இசாயா சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆக்லாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். பாலத்தைப் பார்த்தார், புயல் நாளின் மின்சார ஏற்ற இறக்கத்தைக் கேட்டறிந்தார். திடீர் மின்வீச்சில் பெட்டியின் நினைவு அழிந்திருக்கிறது, யார் மேலும் தவறில்லை என்று முடிவு சொல்லிவிட்டு விமானம் ஏறினார். மேலாளர் எல்லாரையும் கூட்டி, உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். மலாகியின் முதுகைத் தட்டி, நீ என்ன செய்வாய் பாவம் என்றார்.

மலாகி வாயைத் திறக்கவில்லை. தட்டிய இடம் இரவெல்லாம் எரிந்தது.

ரூத்தாவிடம் மட்டும் சொன்னான். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புயல்தான் செஞ்சுதுன்னு ஊரே சொல்லுது. வெள்ளக்காரனும் சொல்லிட்டான். நீ மட்டும் ஏன் நாந்தான் நாந்தான்னு நெஞ்சுல அடிச்சுக்கிற? வேலை போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு அம்மா வந்துடுவாளா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் மலாகியை இன்னும் கொன்றது.

ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில் அவன் வட்டுகளைத் துண்டு துண்டாகப் படித்தான். பெயரும் வரிசையும் இல்லாத ஒலிச் சிதறல்கள். பாதிப் பாட்டு, பாதி இருமல், யாரோ ஒரு கிழவரின் சிரிப்பு. ஒரு மதியம் ஒரு பெண்குரல் தட்டுப்பட்டது. "வாங்க கண்ணுங்களா" என்ற ஒரு துண்டு. மலாகி காதுக்கருவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான். ஓடிப்போய்ச் சாமுவேலுவை இழுத்து வந்து கேட்கச் சொன்னான். சாமுவேலு ஒரு தடவை கேட்டான், இன்னொரு தடவை கேட்டான், பிறகு காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இது அந்த டின் கறிக்காரிடா," என்றான். அன்றைக்கு அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

பேசுவதற்குப் பதிலாக வேறொன்று செய்தான். அவனுடைய அக்கா மகளுக்குப் பலேபாவின் சாயலில் குரல். பலேபா என்ன பேசினாள் என்பது நிலையத்தில் பலருக்கும் மனப்பாடம். அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்தான். எசேத்தா அம்மா குரலைக் கேட்டதே இல்லை, அவளுக்கு எப்படித் தெரியும், இசாயாவும் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று மலாகியிடம் கெஞ்சினான். மலாகி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். உள்ளேயிருந்து உதைக்கிற ஒருத்தி என்ற இடத்தில் அழகாகச் சிரித்தாள். ஆனால் அது உதைபடாத வயிற்றின் சிரிப்பு. மலாகி அன்றே அதை அழித்துவிட்டான். அழிப்பதற்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

வெள்ளை ஞாயிறு முடிந்த மறுநாள் சவாயிக்குப் போய் இசாயாவின் வாசலில் உட்காருவது என்று முடிவு செய்திருந்தான். அதுதான் முறை. தீங்கு செய்தவன், தன் வீட்டில் இருக்கிற உயர்ந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, தீங்கு செய்யப்பட்டவன் வாசலில் குனிந்து கிடக்க வேண்டும். அவன் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவன் இஷ்டம். ரூத்தாவின் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் கொடுத்த பாய் ஒன்று இருந்தது. பட்டு மாதிரி மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகு. பிள்ளை பிறந்தால் விரிக்கலாம் என்று எடுத்து வைத்து, விரிக்காமலே மடித்துக் கிடந்தது.

வெள்ளை ஞாயிறுக்கு முன்தினம் பொழுது சாய்கிற நேரத்தில், கதவைத் தட்டிக்கொண்டு இசாயாவே வந்து நின்றான்.

தோளில் ஓலைக் கூடை. அதில் மண் கழுவின சேப்பங்கிழங்கும், சற்றுமுன் சுட்டு வாழை இலையில் சுற்றிய மீனும். மகளைப் பட்டணத்தில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறேன், நாளைக்கு இங்கேயே கோயிலுக்கு வருகிறாள், நிலையத்தில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று அழைத்து வந்துவிட்டேன் என்றான். அலமாரி சேதமானதாக யாரோ படகில் சொன்னார்கள், மலாகி வைத்தது எதுவும் சேதமாகாது என்று நானே அவர்களுக்குச் சொன்னேன் என்று சிரித்தான்.

ரூத்தா அவனுக்குக் கோகோ கலந்து கொடுத்தாள். அவள் கண் மலாகியைக் கெஞ்சியது.

"வெள்ள கவுனைப் போட்டுக்கிட்டு கழட்டவே மாட்டேங்குறா," என்றான் இசாயா. "அம்மா குரல் மெல்லிசா கனமான்னு கேட்டா. மெல்லிசு, ஆனா தூரம் கேக்கும்னு சொன்னேன். சரியா உசோ? எனக்கே மறந்துபோச்சு."

உசோ என்றால் கூடப் பிறந்தவன். அந்தச் சொல்லில்தான் மலாகி உடைந்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். எதையும் மறைக்கவில்லை. பாலத்தையும், கறுப்புத் திரையையும், நட்சத்திரத்தையும், மணியையும் சொன்னான். டின் கறி விளம்பரத்தைச் சொன்னான். சாமுவேலுவின் அக்கா மகளைக்கூடச் சொன்னான். சொல்லச் சொல்ல இசாயாவின் கையிலிருந்த கோகோக் குவளை மெல்லச் சாய்ந்து தரைப் பாயில் சிந்தியது. அவன் கவனிக்கவில்லை. ரூத்தா துடைக்கவும் எழவில்லை.

மலாகி முடித்தபோது வெளியே முதல் மணி அடித்தது.

இசாயா எழுந்தான். வாசலுக்குப் போனான். மாலை வெளிச்சத்தில் சாலையோரம் லாவலாவா உடுத்திய ஆட்கள் வரிசையாக வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தை வீடு ஊரின் மறுகோடியில். நடந்து போய்ச் சேர்வதற்குள் இரண்டாம் மணி அடித்துவிடும். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போக வழியில்லை. திரும்பி வந்து, இருந்த இடத்திலிருந்து தள்ளி, சுவரோரம் உட்கார்ந்தான்.

அந்த நேரத்துக்குள் மலாகி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் கல்யாணப் பாயை எடுத்து வந்துவிட்டான். ரூத்தா அவன் கையைப் பிடித்தாள். நம் வீட்டிலேயே இதைச் செய்வார்களா, போய்க் கிடக்க வேண்டியவன் நீ, வந்தவர் முன்னால் இது என்ன என்று தடுத்தாள். மலாகிக்கு முறை எல்லாம் மறந்துபோயிருந்தது. இசாயாவுக்கு எதிரே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து, பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டான்.

உள்ளே இருட்டு. நாட்பட்ட ஓலை வாசனை. தன் மூச்சே தன் முகத்தில் அடித்தது.

இரண்டாம் மணி அடித்தது.

விருந்தாளி இருக்கும் வீட்டில் விருந்தாளிதான் ஜெபம் சொல்ல வேண்டும். ரூத்தா பழக்கத்தில், நீங்க சொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகே என்ன சொன்னோம் என்று உணர்ந்தவள் போல அவள் குரல் தேய்ந்தது மலாகிக்குக் கேட்டது.

இசாயா தொண்டையைச் செருமினான். பத்திரமாகக் கரை சேர்த்த படகுக்கு நன்றி சொன்னான். கிழங்குக்கு, மீனுக்கு நன்றி சொன்னான். நாளைக்கு வசனம் மறக்காமல் சொல்ல எசேத்தாவுக்கு நாவு கொடு என்றான். பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து யோசிக்காமலே வாயில் வருகிற ஜெபம். அன்றாட உணவைக் கேட்கிற வரி வரை வந்தான். அதற்கு அடுத்தது, எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி.

அவன் நின்றுவிட்டான்.

பாய்க்கு அடியில் மலாகி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சாலையில் ஒரு நாய் குரைத்து அடங்கியது. பக்கத்து வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுகிற சத்தம் வந்து போயிற்று. இசாயா அந்த வரியைச் சொல்லவில்லை. பொய்யாகச் சொல்ல வரவில்லை. கடைசியில் ரூத்தா, உடைந்த குரலில், தனியாக, மீதியைச் சொல்லி முடித்தாள். ஆமென் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அது என்ன சொல்லு?" என்று கேட்டான் இசாயா. "நீ விட்டுட்டு எந்திரிச்ச சொல்லு."

"சேமி," என்றான் மலாகி தரையைப் பார்த்து.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இசாயா அந்தச் சொல்லை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"ஜெபத்துக்கு எந்திரிச்சவன உன்ன திட்ட எனக்கு வாய் வரல," என்றான். "புயல்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் உசோ. புயலோட எனக்கு என்ன சண்ட? நீ உன் நெஞ்சுல இருந்தத எறக்கி வச்சுட்ட. இப்ப அது எங்கிட்ட இருக்கு. நாளைக்குக் காலையில அவ கவுனப் போட்டுக்கிட்டு நிக்கும்போது, நான் எங்க கொண்டுபோய் எறக்குறது?"

மலாகியின் முதுகு குலுங்குவது பாயின் மேல் தெரிந்திருக்க வேண்டும். இறகுகள் சலசலத்தன.

"அன்னைக்கு அந்தப் போன எங்கிட்ட இருந்து நீ வாங்கிப் போட்டுக் குடுத்திருந்தா," என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

மூன்றாம் மணி அடித்தது. சாலையில் வண்டிகள் புறப்படும் ஓசை, பிள்ளைகள் கூச்சல், ஊர் மறுபடி நடமாட ஆரம்பித்தது.

இசாயா எழுந்திருப்பதை மலாகி கேட்டான். காலடி தன்னை நோக்கி வந்தது. பாயின் ஓரத்தில் பெருவிரல் தெரிகிற அளவு கிட்டே வந்து நின்றது. ஒரு கை தாழ்ந்து வந்து பாயின் மேல் பட்டது. ஓலையினூடே அந்தக் கையின் கனம் தலையில் தெரிந்தது. இப்போது எடுப்பான், இப்போது வெளிச்சம் வரும் என்று மலாகியின் உடம்பு முழுவதும் காத்திருந்தது.

கை விலகியது. பாய் அப்படியே இருந்தது.

ரூத்தா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள் போலிருக்கிறது. இதையாவது கொண்டுபோங்க, எங்களுக்கு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று அழுதாள்.

"உங்களுக்குன்னு சுட்டது," என்றான் இசாயா வாசலிலிருந்து. "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

பிறகு, வந்த வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் செய்வதைப் போல, சத்தம் வராமல் மெதுவாக இழுத்துச் சாத்தினான். பாய்க்கு அடியில் மலாகிக்குத் தாழ் விழும் ஓசை மட்டும் கேட்டது.